உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் மகள்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஐந்து வயதாகும் என் மகள் கடந்த இரண்டு மாதங்களாக, உறங்கிய ஒரு மணி நேரத்திற்குள் பற்களை நறநறவெனக் கடிக்கத் தொடங்கிவிடுகிறாள். அடுத்த அறையில் படுத்திருக்கும் என் மாமியாருக்கே கேட்கும் அளவுக்கு அந்தச் சத்தம் இருக்கிறது. வயிற்றில் பூச்சி இருப்பதால்தான் என்று பெரியவர்கள் உறுதியாகச் சொன்னதால், மருத்துவரிடம் கேட்டு அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து கொடுத்தோம், கடிப்பது நிற்கவில்லை. பால் பற்களின் முனை சற்றுத் தேய்ந்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம், நிலைத்த பற்கள் முளைக்கும் வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே நின்றுவிடும் என்று பல் மருத்துவர் கூறினார். அவர் சொன்னதை நம்புகிறேன். ஆயினும், நள்ளிரவில் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது மனத்தைப் பிசைகிறது.

சளி பிடிக்கும் நாட்களில் அவள் வாயைத் திறந்தபடி குறட்டை விடுவதையும், அந்த இரவுகளில் கடிப்பது அதிகமாவதையும் கவனித்திருக்கிறேன். மூக்கின் பின்புறம் இருந்து மூச்சை அடைக்கும் அடினாய்டு சதையின் வீக்கத்திற்குச் சிகிச்சை எடுத்தபின் யாருடைய குழந்தைக்காவது இது குறைந்ததா? புதிய பள்ளியில் சேர்ந்த பதற்றம் காரணமாக இருக்குமானால், படுக்கும் முன் குழந்தையை எப்படி அமைதிப்படுத்தினீர்கள்? சத்தம் கேட்கும்போது தாடையை மெல்லத் தடவிக்கொடுக்கிறேன், சிறிது நேரம் அடங்குகிறது. அவளை எழுப்பிவிடுவது சரியா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.