இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏன் இப்படி முறைக்கின்றன?

நீள்மூக்கு (கேள்வி)

1961ல் ஜெனீவாவில் காட்டிய ஜாகுவார் ஈ-டைப், 1966 லம்போர்கினி மியூரா. காரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட இந்த இரண்டையும் நின்று பார்ப்பார். இப்போது வருகிறவற்றில் பாதிக்கு முகம் முழுக்க வாய்தான். பம்பரில் ஆறு ஓட்டை, கதவில் நாலு மடிப்பு, பின்பக்கம் பாதி கறுப்பு பிளாஸ்டிக்.

டிசைனர்களின் ரசனை கெட்டுப்போனதா, இல்லை அவர்கள் கையை ஏதாவது கட்டிப்போட்டிருக்கிறதா? "அந்தக் காலம் மாதிரி வருமா" என்ற புலம்பல் வேண்டாம். எந்தப் பாகம், எத்தனை மில்லிமீட்டர், ஏன் என்று சொல்லுங்கள். 2017 ஆல்பைன் ஏ110 மட்டும் எப்படித் தப்பித்தது என்பதும் புரியவில்லை.

களிமண் மாடல்

கை கட்டப்பட்டிருப்பது உண்மைதான். ஒரே பெயரில் அறுபது வருஷமாக வரும் போர்ஷே 911ஐ அளந்து பார்த்தாலே தெரியும். 1963ல் நீளம் 4,163 மி.மீ., அகலம் 1,610. 2019ல் வந்த 992 தலைமுறையின் கரேரா எஸ் நீளம் 4,519, அகலம் 1,852. அகலம் மட்டும் 24 செ.மீ. கூடியிருக்கிறது. உயரமோ 1,320லிருந்து 1,300. ஏறக்குறைய அதே கூரைக்குக் கீழே ஒரு கால் மீட்டர் அதிக உடம்பு. கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் வந்தது, 165 மி.மீ. அகல டயர் இருந்த இடத்தில் பின்னால் 305 வந்தது.

டயர் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய 15 அங்குல சக்கரம் டயரோடு சுமார் 645 மி.மீ. விட்டம், கார் உயரத்தில் 49 சதவீதம். இன்றைய 21 அங்குல பின்சக்கரம் (305/30 ஆர்21) சுமார் 716 மி.மீ., அதாவது 55 சதவீதம். கண்ணை உறுத்துவது அதுகூட அல்ல. பழைய சக்கரத்தில் ரிம் 59 சதவீதம், மீதி ரப்பர். இப்போது ரிம்மே 74 சதவீதம். கறுப்பு வளையம் மெலிந்துபோனதால் சக்கரம் உருள்கிற பொருளாகத் தெரியாமல் மாட்டி வைத்த தட்டு போலத் தெரிகிறது.

முன்னால் எஞ்சின் வைத்த கார்களில் சிக்கல் மூக்கில் தொடங்குகிறது. பாதசாரி மோதினால் தலை வந்து விழுவது பானெட்டில். ஐரோப்பிய விதிப்படி அந்த அடியைத் தகடு நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். அடியில் எஞ்சின் ஒட்டிக்கொண்டிருந்தால் தகடு எங்கே நசுங்கும்? அதனால் இரண்டுக்கும் நடுவில் சில சென்டிமீட்டர் காலி இடம் விடுகிறார்கள். பானெட் உயர்ந்தால் முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு உயரும், அதோடு கதவின் தோளும் உயரும். கூரையை உயர்த்தினால் ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது, ஆகவே ஜன்னல் கீற்றாகச் சுருங்கும். அந்த உயர்ந்த பக்கச்சுவர் கனமாகத் தெரியாமலிருக்கப் பெரிய சக்கரம் போடுகிறார்கள், கீழ்ப்பகுதியைக் கறுப்பாக்கி இரண்டாக வெட்டிக் காட்டுகிறார்கள். நீங்கள் திட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக்கின் கதை அதுதான்.

இதற்கு ஒரு குறுக்குவழி, மோதிய கணத்தில் சிறு வெடிமருந்து பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கிவிடுவது. 2006ல் ஜாகுவார் எக்ஸ்கே அப்படி வந்தது, இன்றைய மாஸ்டா எம்எக்ஸ்-5லும் உண்டு. மூக்கைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை வெடித்தால் தூக்கியை மாற்றித்தான் ஆகவேண்டும், திரும்ப அமுக்கிவிட முடியாது.

பிரஸ் ஷாப்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். மீதிப் பாதி யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்துகொண்டது.

2019 டொயோட்டா ஜிஆர் சுப்ராவைப் பாருங்கள். பானெட்டிலும் கதவிலும் காற்றுத் துளை போல இருப்பவை பிளாஸ்டிக்கால் அடைத்தவை. 2017 ஹோண்டா சிவிக் டைப் ஆர் பம்பர் மூலைகளில் தேன்கூட்டு வலை இருக்கும், பின்னால் சுவர்தான். 2022ல் அடுத்த தலைமுறை வந்தபோது அந்தப் போலிகளை எடுத்துவிட்டார்கள். கார் மெதுவாகவும் போகவில்லை, சூடாகவும் ஆகவில்லை. எந்தச் சட்டம் அந்தத் தேன்கூட்டைக் கேட்டது?

மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. பெரிய தட்டையான மெல்லிய தகட்டை விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய்த் திரும்பும். நடுவில் ஒரு மடிப்பு ஓடினால் விறைப்பாகிவிடும், தகட்டைத் தடிமனாக்க வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு மடிப்பு போதும், நாலு வேண்டாம். அலுமினியத்தில் மடிப்பைக் கத்திமுனை மாதிரி எடுத்தால் வெளி விளிம்பில் விரிசல் விடும், அச்சிலிருந்து எடுத்ததும் எஃகைவிட அதிகமாகத் திரும்பி விரியும். அதனால் வளைவு ஆரத்தைக் கூட்டுவார்கள், ஓவியத்தில் கூர்மையாக இருந்தது காரில் மழுங்கி வரும். அதை ஈடுகட்ட இன்னொரு கோடு. இப்படித்தான் பெருகுகிறது.

பழைய கார்களையும் ரொம்பப் புனிதமாக்க வேண்டாம். ஈ-டைப் பானெட் ஒரே தகடு அல்ல. விளக்கிலிருந்து பின்னோக்கி ஓடும் மெல்லிய குரோம் பட்டி, நடுத்தகடும் பக்கத்தகடும் சேரும் இணைப்பை மறைக்கத்தான் இருக்கிறது. குறையை மறைக்க ஒரே ஒரு கோடு போட்டார்கள், அதுவும் உடம்பின் ஓட்டத்தோடு போனது.

பின்விங்

காற்றை யாரும் பேசவில்லையே. ஈ-டைப்பை வரைந்த மால்கம் சேயர் அடிப்படையில் ஏரோடைனமிக்ஸ் ஆள். அவர் தேடியது குறைந்த இழுவை. வேகத்தில் காரைத் தரையோடு அழுத்துவது அன்றைக்குக் கவலையாகவே இல்லை. மியூராவில் பெட்ரோல் டேங்க் மூக்கில் இருந்தது. டேங்க் காலியாக ஆக முன்பக்க எடை குறையும், வேகம் கூடினால் மூக்கு லேசாகத் தூக்கும். அந்த வழுவழுப்புக்கு ஓட்டுநர் கொடுத்த விலை அது.

கிட்டத்திலேயே ஓர் உதாரணம் 1998 ஆடி டிடி. பின்பக்கம் மொழுமொழுவென்று உருண்டிருக்கும். ஜெர்மன் ஆட்டோபானில் அதிவேக விபத்துகள் நடந்த பிறகு திரும்ப அழைத்து, பின்னால் ஒரு ஸ்பாய்லர் (காற்றைத் திருப்பும் சிறு பட்டை), சஸ்பென்ஷன் மாற்றம், ஈஎஸ்பி (சறுக்கலை மின்னணுவால் கட்டுப்படுத்தும் அமைப்பு) எல்லாம் சேர்த்தார்கள். வரைந்தவருக்கு அந்த ஸ்பாய்லர் நிச்சயம் வலித்திருக்கும்.

இப்போது 2022 போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ். 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ டவுன்ஃபோர்ஸ், அதாவது காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை. மற்ற 911களில் முன்னால் ரேடியேட்டர் பிரித்து வைத்திருக்கும். இதில் ஒரே பெரிய ரேடியேட்டரை நடுவில் சாய்த்து வைத்து, சூடான காற்றை மூடியில் உள்ள இரண்டு துளை வழியே மேலே விட்டார்கள். முன் டிக்கி போச்சு. பக்கங்களில் கிடைத்த இடத்தில் அசையும் சிறகுகள். சக்கர வளைவின் மேல் உள்ள பட்டைகள், உள்ளே அடைபடும் காற்றை வெளியேற்ற. பின்விங்கின் மேல்விளிம்பு கூரையைவிட உயரம். அழகில்லை என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அதில் வேலையில்லாத ஓட்டை தேடினால் கிடைக்காது.

ஓட்டை விஷயத்தில் இன்னொன்று. எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்ட்டுக்குப் போகிறது. மியூராவுக்கு 350 குதிரைசக்தி. 2005 புகாட்டி வேரானுக்கு 1,001, அதற்குப் பத்து ரேடியேட்டர். உள்ளே போன காற்று வெளியேயும் வரவேண்டும், இல்லாவிட்டால் முன்வாய் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. ஆகவே முன்னால் திறந்தால் பானெட்டிலோ முன்சக்கரத்துக்குப் பின்னாலோ இன்னொன்றும் திறக்கவேண்டும்.

ஏ110 தப்பித்தது இதனால்தான். எடை சுமார் 1,100 கிலோ, ஆரம்பத்தில் 252 குதிரைசக்தி, அகலம் 1,798. சக்தி குறைவு, வெப்பமும் குறைவு. அடிப்பாகத்தைத் தட்டையாக்கி டிஃப்யூசரை (அடிக்காற்றை விரியவிட்டு வெளியேற்றும் பின்பகுதி) வைத்து அழுத்தத்தைக் கீழேயே எடுத்துக்கொண்டதால் மேலே விங் இல்லை. ரேஸ் கார் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரியின் டி.50 கார் இதே யோசனையின் உச்சம்: பின்னால் 400 மி.மீ. விசிறி அடிக்காற்றை இழுக்கிறது, 986 கிலோ, மேல் உடம்பில் ஆர்ப்பாட்டமே இல்லை.

நீள்மூக்கு

ஏ110 புரிந்தது, நன்றி சார். அப்படியே எழுந்து நிற்கும் ஹெட்லைட் ஏன் செத்தது? தாழ்ந்த மூக்குக்கு அதைவிட நல்ல வழி இல்லையே. நேரடியாகத் தடை செய்தார்களா?

களிமண் மாடல்

பெயர் சொல்லித் தடை எதுவும் இல்லை. அது பரவியதற்கே சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவில் ஹெட்லைட் தரையிலிருந்து குறைந்தது 22 அங்குலத்தில் இருக்கவேண்டும், மூக்கோ அதைவிடத் தாழ்வு, எனவே வேண்டும்போது எழுந்து நிற்கட்டும் என்றார்கள். பிறகு பாதசாரி விதிகள் வந்தபோது, நிமிர்ந்து நிற்கும் அந்தப் பெட்டி மோதலில் குத்தும் பொருளாகிவிட்டது. அதற்குள் புரொஜெக்டர் விளக்குகள் சிறிதாகிவிட, மோட்டார், கம்பி, எடை எல்லாம் வீண் சுமை ஆயின. லோட்டஸ் எஸ்பிரி, கார்வெட் சி5 இரண்டும் 2004ல் நின்றன, பெரிய உற்பத்தியில் கடைசி அவைதான். 2011 முதல் ஐரோப்பாவில் புது மாடல்களுக்குப் பகல்விளக்கும் கட்டாயமானது. எப்போதும் எரியும் விளக்கு ஒன்று முகத்தில் வேண்டும் என்ற பிறகு மூடிவைப்பதில் என்ன லாபம்? அந்தப் பகல்விளக்கைத்தான் எல்லோரும் புருவமாக வரைகிறார்கள். உங்கள் தலைப்பில் உள்ள முறைப்பு பாதி அங்கிருந்து வருவது.

(முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு: விளக்கு பாதியில் நின்றால் கையால் பிடித்து இழுக்காதீர்கள், பற்சக்கரம் போகும். மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதைத் திருகி ஏற்றுங்கள்.)

பிரஸ் ஷாப்

ஒரு காரின் அழகு ஜோடனையிலா, உடம்பிலா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சரியாகப் பக்கவாட்டில் நின்று, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, போனில் மூன்று மடங்கு ஜூமில், சக்கர மையத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் படம் எடுங்கள். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் மூக்கு உப்பும், பின்பக்கம் சுருங்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்புறம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓட்டைகளையும் கறுப்பு பிளாஸ்டிக்கையும் உடம்பின் நிறத்தால் பூசி அழியுங்கள். மிஞ்சுவது கூரைக்கோடு, ஜன்னல், சக்கரம் மூன்றும்தான். முன்சக்கர மையத்திலிருந்து கண்ணாடியின் அடி எவ்வளவு தள்ளி இருக்கிறது, பக்கச்சுவரும் ஜன்னலும் எந்த விகிதத்தில் உயரத்தைப் பங்கு போடுகின்றன என்று பாருங்கள்.

இன்றைய எம்எக்ஸ்-5ஐ அப்படிப் பூசினால் நன்றாகவே நிற்கும். 1989 மாடல் 3,970 மி.மீ., இது 3,915, வளரவே இல்லை. பூசிய பிறகும் கனமாகத் தெரிகிற கார்களும் உண்டு. அவற்றை எந்த பம்பராலும் காப்பாற்ற முடியாது. படம் போடுகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள் என்றும் சேர்த்துப் போடுங்கள்.