ஸ்டார்ம் ஷெல்டருக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்: வெள்ளிக்கிழமை அச்சு)

செ., மதுரை:
எட்டாம் வகுப்புத் துணைப்பாடத்தில் நிலவுப் பயணம் வருகிறது. சூரியன் சீறிப் புரோட்டான்களை வாரியிறைக்கும்போது விண்வெளி வீரர்கள் ஒதுங்கும் இடத்துக்குச் சொல் வேண்டும். நாசாவின் நிலவுக் கலமான ஓரியனில் இதற்கெனத் தனி அறை கிடையாது. தரைக்கடியில் சாமான் வைக்கும் பெட்டிகளைக் காலிசெய்து அதற்குள் நெருக்கியடித்துப் படுத்து, எடுத்த மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கிக்கொள்ள வேண்டும். "கதிர்காப்பறை" என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

வி., கோவை:
சரியில்லை. எல்லாக் கதிரையும் தடுத்துவிடும் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் அண்டக்கதிருக்கு இந்த மூட்டையெல்லாம் எம்மாத்திரம்? நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சின் அளவு). நாசா ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பே 600தான். அலுமினியச் சுவரைத் தடிமனாக்கினால் அண்டக்கதிர் அதில் மோதித் தெறிக்கவைக்கும் நியூட்ரான்களின் தொல்லை வேறு. இந்த அறை சூரியப் புயலுக்கு மட்டுமே. பெயரில் "புயல்" இருக்கட்டும்.

பு., புதுச்சேரி:
வள்ளுவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: "இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்." ஏமம் காவல், புணை தெப்பம். "ஏமவறை" என்க. ஏமாப்பும் இதன் உறவே. வடமொழி ஹேமத்திலிருந்து வந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். பொன்னைக் குறிக்கும் ஏமம் வேறு, இது வேறு. யாமத்தைக் குறிப்பது மூன்றாவது. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

செ.:
ஐயா, பிள்ளைகள் எமன் அறை என்று படிப்பார்கள்.

பு.:
குறள் சொல்லித்தராதது யார் குற்றம்?

க., யாழ்ப்பாணம்:
எங்கள் ஊரில் பதுங்குகுழி என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மூட்டை அடுக்குகிற சங்கதியும் அதேதான். "பதுங்கறை" போடலாமே?

வி.:
நல்ல சொல். ஆனால் எதற்குப் பதுங்குகிறோம் என்பது அதில் இல்லையே. 1972 ஆகஸ்டில் பெரும் சூரியப் புயல் ஒன்று அடித்தது. நிலவுக்குப் போன அப்போலோ 16 ஏப்ரலிலேயே திரும்பியாயிற்று, அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. நடுவில் விழுந்ததால் தப்பினார்கள். அப்போது நிலவில் நடந்துகொண்டிருந்தால் கதிர்நோயே வந்திருக்கக்கூடும். புயலைச் சொல்லாமல் விடாதீர்கள்.

செ.:
அப்புறம் தனி மடலிலும் நாலைந்து பேர் எழுதினார்கள். பெரும்பாலோர் "புயல் ஒதுக்கிடம்" போதும் என்கிறார்கள். அதையே அனுப்புகிறேன். க. அவர்களின் பதுங்கறையை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன்.

பு.:
ஒதுக்கிடத்துக்குக் கழிப்பிடம் என்றும் பொருளுண்டு. எமனுக்குப் பயந்தவர்கள் இதை யோசிக்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்க.