மொய் டேபிள்ல வண்டிச் சாவி: உங்க ஊர்ல எப்படி?

எங்கூரு விருதுநகர் பக்கம். ஹைவேல இருந்து 500 மீட்டருக்குள்ள சாராயக் கடை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் போட்ட தடை 2017-ல அமலுக்கு வந்ததும் எங்க ஊர்க் கடையைத் தூக்கி ஊருக்குள்ள வெச்சாங்க, குடிச்சுட்டு திரும்ப அதே நாலு வழிச் சாலையிலதான் ஏறுறானுங்க, என்னத்த சொல்ல. அடுத்த வருஷமே ஒரு கல்யாணத்துக்கு வந்து குடிச்சுட்டு வண்டியில போன பையன் பின்னாடி உக்காந்திருந்த தங்கச்சியோட லாரிக்கடியில போயிட்டான். புள்ள பொழைச்சிருச்சு, அவன் இல்ல.

அதுக்கப்புறம்தான் இளவட்டங்க சேர்ந்து, விசேஷ வீட்டுல மொய் எழுதுற டேபிள்லயே ஒரு எவர்சில்வர் சம்படம் வெச்சோம். சரக்கு போட்டவன் சாவி அதுக்குள்ள, பேரு மொய் நோட்டுலயே கடைசிப் பக்கம். வீட்டுல விட ரெண்டு ஷேர் ஆட்டோ, டீசல் காசு கோயில் வரிப்பணத்துல இருந்து. மறுநாள் காலைல டீ குடிக்க வந்து சாவிய வாங்கிக்கணும். மொத வருஷம் சண்டைதான், என் சொந்த மச்சானே "என் வண்டிச் சாவிய புடுங்க நீ யாருடா"ன்னு சட்டையப் புடிச்சாரு, ரெண்டு வருஷம் பேசல.

–––

அண்ணே, எங்க வீட்டுக்காரரை இடிச்சவன் ஃபுல் போதை. ஆஸ்பத்திரியில மொத 48 மணி நேரச் செலவு கவர்மென்ட்டோட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல போச்சு, அது பெரிய உபகாரம், ஆனா அதுக்கப்புறம்தான் அலைச்சலே. இடிச்சவனுக்கு அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, கை காலெல்லாம் நடுங்குது, எங்க தெரு ஆட்டோக்கார அண்ணன்தான் ஸ்டேஷன்லயே நின்னு எடுக்க வெச்சாரு. அந்த ரிப்போர்ட் இல்லேன்னா கேஸ் நின்னிருக்காது. இன்சூரன்ஸ்காரங்க 'ஓட்டுனவன் குடிச்சிருந்தான், நாங்க தர மாட்டோம்'னாங்க. கோர்ட்ல, நீங்க மொதல்ல குடுங்க, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோங்கன்னு தீர்ப்பாச்சு. வருஷக்கணக்குல இழுத்துச்சு. அதுவரைக்கும் வீட்ட ஓட்டுனது மகளிர் குழு கடன்தான். அவரு இப்பவும் காலை சாய்ச்சுத்தான் நடக்குறாரு.

–––

நான் மறுபக்கத்து ஆளு, திட்டுறவங்க திட்டிக்கோங்க. ரெண்டு பீருதானேன்னு கிளம்பி சென்னைல மாட்டுனேன். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் லிமிட்டாம், ஊதுன மெஷின் அதுக்கு மேல ரொம்ப காட்டுச்சு. அபராதம் 10,000, பின்னாடி உக்காந்திருந்த ஃப்ரெண்டுக்கும் சேர்த்துப் போட்டாங்க. காசு கூட பரவால்ல, வண்டிய எடுக்க அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன் பாருங்க, வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசல. இப்ப நானே பார்ட்டிக்கு பஸ்ல போற ஆளு. அண்ணே ஒரு டவுட்டு, சாவிய குடுத்துட்டு ஸ்பேர் சாவில கிளம்புறவன என்ன பண்ணுவீங்க?

–––

தம்பி, ஒருத்தன் பண்ணான். பிளக் கழட்டி வெச்சோம். அந்த மச்சான் இப்ப சம்படத்துக்குப் பொறுப்பாளரே அவருதான், பங்குனிப் பொங்கலுக்கு ஒண்ணு பத்தாது, இன்னொண்ணு வாங்கணும்னு போன் பண்ணாரு.