கொழும்பு வேலையா, வயலா: தேவசித்தத்தை எப்படி அறிவது?

கிளிநொச்சிப்_பெடியன்:
கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அம்மா தனி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிய வயலும் இருக்கிறது, காலபோக விதைப்பும் நெருங்குகிறது. வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து பார்த்தால் ஒவ்வொரு தரமும் வேறு வசனம் வருகிறது. கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா?

வவுனியா_அண்ணன்:
தம்பி, இஸ்ரவேலை மீட்கப் போ என்ற கட்டளை கிதியோனுக்கு நியாயாதிபதிகள் 6:14இலேயே வந்துவிட்டது, ஆட்டுத்தோலைப் போட்டு, முதலில் அதில் மட்டும் பனி பெய்யட்டும், பிறகு அது மட்டும் காய்ந்திருக்கட்டும் என்று அடையாளம் கேட்டது அதற்குப் பிறகு. அது வழி தேடும் முறையே இல்லை என்பேன். கண்மூடித் திறப்பதையும் விடு.

மாங்குளம்_அக்கா:
ஒரேயடியாக அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா, தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லையே, இரண்டு தரமும் கேட்டபடி செய்தார். ஆனாலும் தம்பிக்கு அப்போஸ்தலர் 16தான் பொருந்தும்: பவுல் ஆசியாவுக்கு (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) போகப் பார்த்தார், தடை, பித்தினியாவுக்கும் தடை, துரோவாவில் தரிசனம் வந்தபின்தான் மக்கெதோனியா, அதுவரை நடந்துகொண்டேதான் இருந்தார், முடிவும் கூட இருந்தவர்களோடு சேர்ந்தே எடுத்தார். சரி, அம்மாவிடம் கேட்டீர்களா?

கிளிநொச்சிப்_பெடியன்:
இல்லை அக்கா, ஜெபம் முடியட்டும் என்று இருந்தேன்.

வவுனியா_அண்ணன்:
அட, இன்றைக்கே கேள். வயலைக் குத்தகைக்கும் விடலாம்.