நாம போயிருந்தா படம் பத்து நிமிஷம்தான்

குழு: மேல்லயம் குடும்பம் (இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டம்; லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு)
ஞாயிறு மாலை

தம்பி (கொழும்பு): கூலி பார்த்தேன். காது இன்னும் இரைகிறது. ரஜினி வரும் முதல் அரை மணி நேரம் சரி. அப்புறம் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் அதையேதான் என்னிடம் கேட்க இருந்தாராம்.

நான்: நாங்கள் போன வாரமே பார்த்தாச்சு. டவுன் கடையில் பென் டிரைவில் ஏற்றித் தந்தார்கள்.

சின்னவள்: அப்பாயி சொன்னதைச் சொல்லு அக்கா 😂

நான்: பெயரைக் கேட்டதும் அப்பாயி முன்னால் வந்து உட்கார்ந்துச்சு. "கூலின்னா நம்ம படமா?" என்று கேட்டுச்சு. ரெண்டே முக்கால் மணி நேரம் அசையவில்லை. முடிந்ததும், "இவ்வளவு நேரத்துல ஒருத்தனும் கூலி வாங்கலையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போச்சு.

தம்பி: 😂😂 அப்பாயியை விமர்சனம் செய்யச் சொல்லுங்கள், நான் வீடியோ எடுத்துப் போடுகிறேன்

மாமா (கீழ்லயம்): சரியாத்தானே சொல்லியிருக்கு. ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கு நாம கத்தாத இடமில்லை, 2021-லதான் கைக்கு வந்தது. 1350-க்கு இன்னும் மூணு வருஷம். அதைப் படமா எடுத்தா மூணு பாகம் வரும்.

அத்தை: படத்தைப் பேசும்போது சம்பளத்தை இழுக்காதீங்க. யார் வீட்டில் பெரிய தேத்தண்ணிக் கேத்தல் இருக்கு? எங்கள் கேத்தல் போன கருமாதிக்குக் கொடுத்தது, இன்னும் திரும்பவில்லை.

சின்னவள்: இங்கே இருக்கு அத்தை. காலையில் கொண்டுவந்து தருகிறேன்.

தம்பி: லப்பர் பந்து பார்த்தீர்களா?

மாமா (கீழ்லயம்): ரெண்டு தடவை. தினேஷ் கிரிக்கெட் பேட்டைப் பிடிக்கிற மாதிரிதான் நானும் ஒரு காலத்தில் பிடித்தேன்.

அத்தை: பந்து தேயிலைக்குள் போனால் தேடப் போனதுதான் இவருடைய விளையாட்டு. நான் பார்த்திருக்கிறேன்.

அத்தை: எனக்கு மெய்யழகன்தான் பிடித்தது. கார்த்தி "அத்தான் அத்தான்" என்று சுற்றிச் சுற்றி வருகிறாரே, அந்த மாதிரி ஒருத்தர் எல்லாச் சொந்தத்திலும் இருப்பார். நமக்குத்தான் பெயர் ஞாபகம் வராது.

தம்பி: நீளம் என்று தியேட்டருக்கு வந்த பிறகு 18 நிமிஷம் வெட்டினார்கள் அத்தை

அத்தை: உங்கள் மாமா அதில் நாற்பது நிமிஷம் தூங்கினார். அவருக்கு எதை வெட்டினாலும் ஒன்றுதான்.

தம்பி: சரி, டூரிஸ்ட் ஃபேமிலி? இங்கே கடையில் எல்லாரும் "உங்க இலங்கைப் படம்" என்றுதான் அதைப் பேசுகிறார்கள். சிங்களப் பையன்கள்கூடக் கேட்கிறார்கள்.

நான்: நல்ல படம். சசிகுமார் எனக்கு எப்போதுமே பிடிக்கும். சிம்ரனை அப்படி ஒரு வீட்டு அம்மாவாகப் பார்த்தது அதைவிடப் பிடித்தது. ஆனால் "உங்க படம்" என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு.

தம்பி: ஏன்?

நான்: அந்தக் குடும்பம் வல்வெட்டித்துறையிலிருந்து போகிறது. சென்னையில் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்று பயம். கேரளா என்று பொய் சொல்கிறார்கள். படத்தின் சிரிப்பு பாதி அதில்தான் இருக்கு. நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் திருச்சிக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா? புடவைக் கடையில் இலங்கை என்று சொன்னேன். "சும்மா சொல்லாதீங்க மேடம், எங்க பக்கத்து ஊர் மாதிரிதான் பேசுறீங்க" என்றார் கடைக்காரர். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். பிறகும் சந்தேகமாகவே பார்த்தார்.

நான்: அவருக்கு இலங்கைத் தமிழ் என்றால் ஓம், கதைக்கிறது, வடிவு. நமக்கு ஆமா, பேசுறது, அழகு. எந்தப் படத்திலாவது நம்மை மாதிரிப் பேசும் ஒருத்தரை இலங்கைக்காரர் என்று காட்டியிருக்கிறார்களா?

மாமா (கீழ்லயம்): அப்போ நாம போயிருந்தா படம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். இறங்கினோம், வீடு எடுத்தோம், வணக்கம்.

தம்பி: 😂😂😂 இன்டர்வலே கிடையாது

சின்னவள்: 😂 மாமா தயாரிப்பாளருக்கு எவ்வளவு மிச்சம்

அத்தை: அண்ணன் ரொம்ப நேரமா டைப் பண்ணிக்கிட்டே இருக்கார்

பெரியப்பா: பத்து நிமிஷத்தில் முடியாது மச்சான். நாம போயும் இருக்கிறோம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத்து ஆட்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக எழுதினார்கள். அதில் ஒருத்தி எங்கள் பெரிய அக்கா. கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போகும் கோச்சிக்கு, அதாவது ரயிலுக்கு, ஒப்பாரிக் கோச்சி என்றுதான் பெயர். ஸ்டேஷனில் பிடித்துக்கொண்டு அழுவார்கள், கோச்சி நகர்ந்த பிறகும் கையை விட மாட்டார்கள். கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி கூடலூர். அங்கேயும் அரசாங்கத் தேயிலைத் தோட்டம், அதே கொழுந்து. பேச்சு ஒன்றுதான் என்கிறாய். பேச்சு ஒன்றாக இருந்தும் இன்றைக்கு வரைக்கும் அவர்களை சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள். இங்கே நம்மை என்னவென்று சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியும்.

மாமா (கீழ்லயம்): சரிதான் மச்சான். விளையாட்டுக்குச் சொன்னேன்.

பெரியப்பா: தெரியும். படமும் சிரிப்புப் படம்தானே. எனக்கும் பிடித்தது.

அத்தை: அக்கா போனபோது எனக்கு ஆறு வயசு. பச்சை ரிப்பன் ஒன்று கொடுத்துவிட்டுப் போனது மட்டும் ஞாபகம் இருக்கு.

அத்தை: நம்ம படம் எது என்று கேட்டால் நான் மாரி செல்வராஜின் வாழை படத்தைச் சொல்வேன். அதில் இலங்கையே இல்லை. தூத்துக்குடிப் பக்கம். ஆனால் அந்தப் பொடியன் வாழைத்தாரைத் தலையில் தூக்கி வரப்பில் நடக்கும்போது எனக்குக் கழுத்து வலித்தது. தாருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கும் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டேன். இங்கே காலையிலிருந்து இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையில் நின்றுவிட்டுக் கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோனால், மழைத் தண்ணிக்கு என்று ரெண்டு கிலோ, சாக்குக்கு என்று ஒரு கிலோ கழிப்பார்கள். தராசு முள்ளைப் பார்க்கும் அந்த முகம் இருக்கே, மாரி செல்வராஜுக்கு அந்த முகம் தெரிந்திருக்கு.

நான்: அந்தப் பையனுக்கு சனி, ஞாயிறுதான் பிடிக்காது. பள்ளிக்கூடம் இருந்தால் தார் சுமக்க வேண்டாம். டீச்சரையும் பார்க்கலாம். என் வகுப்பில் திங்கட்கிழமை தூங்கி விழுகிற ரெண்டு பேரை இப்போதெல்லாம் நான் எழுப்புவதில்லை.

மாமா (கீழ்லயம்): கடைசியில் அந்த லொறி வரும் பாருங்க, அதில
மாமா (கீழ்லயம்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி: நான் இன்னும் பார்க்கவில்லை மாமா!!

மாமா (கீழ்லயம்): அதனாலதான் நீக்கினேன்

தம்பி: படித்துவிட்டேன் 😑

பெரியப்பா: நம்மைப் பற்றி எடுத்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1975-ல் புதிய காற்று வந்தது. வி.பி. கணேசன் தானே தயாரித்து, தானே கதாநாயகனாக நடித்த படம். தொழிற்சங்கக்காரர், அரசியல்வாதி மனோ கணேசனின் அப்பா. தோட்டத்துக் கதை. ஹட்டனில் பார்த்தேன், எனக்கு அப்போது பதினைந்து வயசு. திரையில் லயம் தெரிந்ததும் கூட்டம் விசில் அடித்தது. ரஜினிக்கு அடிக்கிறார்களே, அந்த விசில். அதற்கு முன்னால் ஒரு லயத்துக்கு யாரும் விசில் அடித்து நான் கேட்டதில்லை.

தம்பி: படம் எப்படி பெரியப்பா?

பெரியப்பா: சண்டை கொஞ்சம் கூடுதல்.

சின்னவள்: எல்லாரும் இங்கே பேசிக்கொண்டிருக்க, அப்பாயி பக்கத்தில் டூரிஸ்ட் ஃபேமிலி போடச் சொல்லிப் பார்க்கிறது. பெரியப்பா எழுதினதையும் வாசித்துக் காட்டினேன்.

அத்தை: ஏன் அதை வாசித்தாய்?

சின்னவள்: யாரோ அக்கா என்று எழுதியிருக்கு, வாசி என்று அதுதான் கேட்டுச்சு. இப்போது படம் ஓடவில்லை. அவர்கள் ராத்திரியில் ராமேஸ்வரத்தில் கரை இறங்கும் இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்கிறது. இந்தக் கரையிலதான் பெரியவ இறங்கினாளா என்று கேட்கிறது.

பெரியப்பா: அது வேறு இடம் என்று சொல். கப்பலில் போனவர்கள் துறையில் இறங்கினார்கள்.

சின்னவள்: சொன்னேன். கடல் ஒன்றுதானே என்கிறது.

சின்னவள்: நாலாவது தடவை ஓடுகிறது. இதில் பென் டிரைவ் போட முடியாது, ஆன்லைனில்தான் ஓடுகிறது. டேட்டா முடியப்போகிறது. யாராவது ரீலோட் போடுங்கள்.

தம்பி: போட்டாச்சு.