கிட்டப்பா: பாட்டுக்காரரா, நடிகரா?

தட்டுப்பிரியன் (கேள்வி):
‘வள்ளி திருமணம்’ நாடகம் பற்றி எதைப் படித்தாலும் அதில் பாடி நடித்த எஸ்.ஜி.கிட்டப்பாவிடம்தான் வந்து நிற்கிறது. 1906-ல் செங்கோட்டையில் பிறந்து, 1933-ல் 27 வயதில் போய்விட்டவர். சினிமாவில் நடிக்கவில்லை, மிஞ்சியது இசைத்தட்டுகள்தான். ‘எவரனி’ கேட்டேன், ‘காயாத கானகத்தே’ கேட்டேன். குரல் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் புகழ்கிறவர்கள் எல்லாரும் பிருகா, பிருகா (அதிவேகமாக உதிரும் ஸ்வர அடுக்கு) என்றே எழுதுகிறார்கள். மேடையில் மனுஷர் என்ன செய்தார்? நின்ற இடத்தில் நின்று பாடியவரையா பெரிய நடிகர் என்கிறோம்?

பெட்டிக்காரன்:
தம்பி, நான் புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு (நடிகர்களைத் தனித்தனியா கூப்பிட்டு ராத்திரி முழுக்கப் போடுற நாடகம்) முப்பது வருசம் ஆர்மோனியம் வாசிச்சவன். கிட்டப்பாவை நான் பார்த்ததில்லை, எங்க வாத்தியாரும் பார்த்ததில்லை. ஆனா ராத்திரி ஒரு மணிக்கு வேடன் சீனுக்கு வாசிச்சவனுக்கு உங்க கேள்வியில பாதி விளங்கிடும்.

வேடன் வள்ளிகிட்ட வந்து, மானைப் பார்த்தியான்னு கேட்கிறான். தேடுறது மானை, வர்ணிக்கிறது அவளை. நாடகத்தை எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் ‘மேயாத மான்’னு ரெண்டே வார்த்தையில முடிச்சைப் போட்டு வெச்சிருக்கார். ராஜபார்ட் (கதாநாயகன் வேஷக்காரர்) காட்டைப் பார்த்துப் பாடினா அது வேட்டை. வள்ளி இருக்கிற பரண் பக்கம் கண்ணு போச்சுன்னா காதல். ஒரே வரியைப் பத்துத் தடவை திருப்பிப் பாடுறது சங்கதிக்காக (மெட்டை மாத்தி மாத்திப் பாடுற அழகுக்காக) மட்டுமில்லை, இந்த விளையாட்டுக்கும்தான். இசைத்தட்டுல ஒரு பக்கம் மூணு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல. அதுல கண்ணு எங்கே இருக்கு?

இன்னொண்ணு. ஒரு ஊர்த் திருவிழாவுல அதே சீன் பாதியில கரண்ட் போச்சு. பெட்ரோமாக்ஸ் வந்துது, மைக் வரலை. எங்க ராஜபார்ட் நல்ல பாட்டுக்காரர்தான். ஆனா மூணாவது வரிசைக்கு அந்தாண்ட வாய் அசையுறதுதான் தெரிஞ்சுது. கத்த ஆரம்பிச்சார். கழுத்து நரம்பு புடைச்சு, முகம் கோணி, வள்ளிகிட்ட கடன் வசூல் பண்ண வந்தவர் மாதிரி ஆயிட்டார். கிட்டப்பா மைக் இல்லாம பாடினவர். கடைசி ஆளுக்கும் கேட்கணும், முகத்துல சிரமம் தெரியக்கூடாது. இதை நடிப்பு இல்லைன்னா வேற எதைச் சொல்றது?

கொடுமுடிக்காரி:
அண்ணே சொல்வது சரி. ஆனால் எதிரே வள்ளியாக நின்றவரை மறந்துவிட்டீர்களே! 1926-ல் இலங்கையில் கே.பி.சுந்தராம்பாளைச் சந்தித்த பிறகுதான், மேடையிலும் வாழ்க்கையிலும், அந்த ஜோடி அமைந்தது. வள்ளி பதிலுக்கு அதே சுருதியில் எடுத்துக் கொடுத்தால்தானே வேடனுக்கு ரோஷம் வரும்? கிட்டப்பா போனபோது சுந்தராம்பாள் அம்மாவுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார், ஆண்களோடு ஜோடியாக நடிக்க மறுத்தார். 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே வேடம் கட்டினார், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு. விமர்சகர்கள் கிட்டப்பாவை மட்டும் தனியே தூக்கி வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

தட்டுப்பிரியன்:
அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஐயா, கிட்டப்பா ஐந்தரைக் கட்டையில், அவ்வளவு உயர்ந்த சுருதியில், பாடினார் என்கிற கதையாவது நிஜமா?

பெட்டிக்காரன்:
கட்டைக் கணக்கை நான் தட்டை வெச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பழைய தட்டைக் கொஞ்சம் வேகமா ஓட்டினாலே சுருதி ஏறிடும். நீங்க இணையத்துல கேட்கிறது எந்த வேகத்துல ஓட்டிப் பதிஞ்சதோ! கட்டையை விடுங்க. மேல் ஸ்தாயியில நிக்கிறப்போ குரல் மெலியுதா பாருங்க. மெலியாது, அங்கேயே நின்னு பிருகா உதிரும். டி.ஆர்.மகாலிங்கம் 1945-ல ‘ஸ்ரீ வள்ளி’ படத்துல முருகனா வந்து பாடினப்போ, ஜனங்க கிட்டப்பாவைத்தான் நினைச்சாங்க.

தங்கச்சி சொன்னதுக்கு மறுப்பில்லை. அதோட ஒரு ஆளைச் சேர்த்துக்கணும், என் ஜாதிக்காரர், அதாவது பெட்டி ஜாதி. கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசிச்சவர் அவர் அண்ணன் காசி ஐயர். அடுத்த தடவை பாட்டை விட்டுட்டு அந்தப் பெட்டியை மட்டும் கேளுங்க. தம்பி எங்கே மூச்சு வாங்குறார்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு.