வலித்தால் சிரிக்கிற பையன்: வார்டில் எப்படிப் புரியவைப்பது?

தெற்குவாசல் அம்மா:
என் மகனுக்கு 8 வயது. சி.பி. (பெருமூளை வாதம்; மூளை பாதிப்பால் உடம்பசைவு கட்டுக்குள் இல்லாத நிலை), பேச்சு இல்லை. அடுத்த வாரம் இடுப்பு எலும்பில் ஆபரேஷன். எனக்கு ஆபரேஷனைவிட வார்டை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. போன தடவை நிமோனியாவுக்குச் சேர்த்திருந்தபோது, ராத்திரி இரண்டு மணிக்குச் சிரித்துக்கொண்டே கிடந்தான். டியூட்டி சிஸ்டர் எட்டிப் பார்த்து, "நல்லா விளையாடுறானே" என்று போய்விட்டார். வலித்தால்தான் அவனுக்கு அந்தச் சிரிப்பு வரும். போர்வையை விலக்கினால், டிரிப்ஸ் ஊசி நரம்பை விட்டு விலகி, கை பன் மாதிரி வீங்கியிருந்தது. மூன்று தடவை போய்க் கூப்பிட்ட பிறகுதான் கழற்றினார்கள். இந்த முறை என்ன செய்வது?

வார்டு சிஸ்டர்:
அக்கா, 14 வருடமாகக் குழந்தைகள் வார்டில்தான் இருக்கிறேன். உங்கள் கோபம் நியாயம். பேசாத குழந்தையின் வலியை அளக்க 'ஃபிளாக்' என்று ஒரு முறை உண்டு. முகம், கால், உடம்பு அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்து விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க். உங்கள் மகனுக்கு அழுகையில் முட்டைதான் விழும்! கால் எப்போதுமே விறைப்பு என்றால் அந்த மார்க்கும் குழப்பும். அதனால்தான் 2006-இல் வந்த திருத்தத்தில், பெற்றோர் சொல்லும் தனி அடையாளத்தையும் சேர்த்தார்கள். சேர்க்கும் அன்றே அந்தச் சிரிப்பைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். காலையில் என்னிடம் வாயால் சொன்னது நைட் சிஸ்டருக்குப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

பாப்பா அப்பா:
வலிப்பு மருந்து கொடுக்கிறீர்களா? என் மகளுக்கு ஆபரேஷன் அன்று 'வெறும் வயிறு' என்று காலை டோஸையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் ஃபிட்ஸ். அதை மட்டும் ஒரு வாய் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று மயக்க டாக்டரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

தெற்குவாசல் அம்மா:
வேல்ப்ரோயேட் சிரப், காலை 7, ராத்திரி 7. கண்டிப்பாகக் கேட்கிறேன் அண்ணா. சிஸ்டர், இடுப்போடு மாவுக்கட்டு போடுவார்களாம். மல்லாக்கக் கிடந்தால் எப்படி ஊட்டுவது? சும்மாவே அவனுக்குப் புரையேறும்.

வார்டு சிஸ்டர்:
மல்லாக்க வைத்து ஒரு வாய்கூட வேண்டாம். இடுப்பு மடங்காது, தலையை மட்டும் தூக்கினால் கட்டு வயிற்றை அழுத்தும். கட்டில் முழுவதையும் தலைப்பக்கம் உயர்த்திச் சரிவாக வைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அப்புறம், கால் விரல்களை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். வீங்கியோ சில்லென்றோ இருந்தால், அவன் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் உடனே கூப்பிடுங்கள்.